மகளின் படிப்பும் எங்கள் கணக்குக் கொப்பியும்



பிள்ளையின் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு இன்னும் வராமல் இருக்கலாம். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளை ஒன்று இருந்தால் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். எங்கள் வீட்டுக்கு 2018ஆம் ஆண்டில் வந்தது. அன்று நாங்கள் பட்ட பாட்டையும் போட்ட கணக்கையும் சொன்னால் யாரோ ஒரு தாய்க்குப் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஹட்டனில் இருக்கிறோம். கணவருக்குக் கடைத்தெருவில் சிறிய பலசரக்குக் கடை. டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தோட்ட மக்கள்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள். சம்பள நாளில் கடன் கொப்பியில் பழைய கணக்கு வெட்டுப்படும். மறுநாளே புதுக்கணக்கு ஏறும். ஆகவே கடன் என்றால் என்ன, அது ஒரு குடும்பத்தை எப்படி நடத்தும், எப்படிக் கவிழ்க்கும் என்பதெல்லாம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் நம் பிள்ளையின் காரியம் என்று வரும்போது தெரிந்த கணக்கும் மறந்துபோகிறது, சகோதரிகளே!

எங்கள் மூத்த மகள் உயிரியல் பிரிவில் 2017இல் உயர்தரம் எழுதினாள். சின்ன வயதிலிருந்தே மிருக வைத்தியராக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வீட்டுக்குப் பால் கொண்டுவரும் தோட்டத்து அக்காவின் மாட்டுக் கொட்டிலில்தான் அவளுடைய விடுமுறை நாட்கள் கழியும். கன்றுக்கு நோய் என்றால் இவளுக்குச் சோறு இறங்காது.

பெறுபேறு வந்தது. நல்ல பெறுபேறுதான். ஆனால் இஸட் புள்ளி மிருக வைத்தியத்துக்கான வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் எட்டவில்லை. நம் நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் உண்டு. அப்படியிருந்தும் மிருக வைத்தியம் கிடைக்கவில்லை. கிடைத்தது பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானமும் மீன்வளமும் என்ற நான்கு வருடப் பட்டப்படிப்பு.

கடிதத்தைப் பார்த்துவிட்டு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்டது.

இந்த இரண்டு படிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அன்று தெரியாது. மிருக வைத்தியர் நோய் பார்ப்பார், மருந்து எழுதுவார், அறுவைச் சிகிச்சை செய்வார். அதற்கு இலங்கை மிருக வைத்திய சபையில் பதிவு வேண்டும். விலங்கு விஞ்ஞானம் படித்தவருக்கு அந்த உரிமை கிடையாது. மாட்டுக்கும் கோழிக்கும் என்ன தீனி, எவ்வளவு தீனி, எந்த இனத்தோடு எந்த இனத்தைச் சேர்ப்பது, பாலின் தரத்தை எப்படிக் காப்பது, பண்ணையை நட்டமில்லாமல் எப்படி நடத்துவது என்பவைதான் அவர்களுடைய பாடம். வைத்தியர் நோய் வந்தபின் வருகிறவர், இவர்கள் நோய் வராமலும் பால் குறையாமலும் பார்க்கிறவர்கள் என்று பின்னாளில் மகளே எனக்கு விளக்கினாள்.

ஆனால் அன்று எங்கள் வீட்டில் நடந்தது வேறு. மாமி தஸ்பீஹைக் கீழே வைத்துவிட்டு, “மாடு மேய்க்கிறதுக்கும் பட்டமா? இதச் சொல்லி எந்த மாப்பிள்ள வீட்டுக்கு முன்னால நிக்கிறது?” என்று கேட்டார். கண்டியில் இருக்கும் என் நானா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு முகவரின் தாள்களோடு வந்துவிட்டார். வெளிநாடொன்றில் ஐந்து வருட மிருக வைத்தியப் பட்டம். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாம் சேர்த்து 80 இலட்சம் ரூபா. “வீட்டுப் பத்திரத்த வச்சா பேங்க்ல தருவாங்க. பிள்ள டொக்டராகி வந்தா ரெண்டு வருசத்துல கட்டிரலாம்” என்றார் நானா.

வட்டி ஹராமாயிற்றே என்று நான் சொன்னதற்கு, “படிப்பு அவசியம்தானே, தங்கச்சி” என்று பதில் வந்தது. கணவர் ஒன்றும் பேசவில்லை. மகள் அழுத முகத்தைப் பார்த்த தகப்பன் அவர். இரவு தூங்கும் நேரத்தில் மெல்ல, “பத்திரம் அலுமாரியில மேல் தட்டுலதானே இருக்கு?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அந்த வாரம்தான் பால்கார அக்காவோடு இதைப் பேசினேன். அவர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். 2016இல் செய்த கூட்டு ஒப்பந்தப்படி அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. காதுத்தோட்டை அடகு வைத்து, சீட்டுக் காசையும் போட்டு ஒரு பசு வாங்கியிருந்தார். அது நாளுக்கு எட்டு லீற்றர் கறக்கும். லீற்றர் 70 ரூபாவுக்கு விற்றால் 560 ரூபா. மலையேறிக் கொழுந்து பறித்த நாட்கூலியை விட அதிகம் என்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சொன்னபோது அந்த அக்கா சிரித்தார்.

“அம்மா, கறக்கிற மாசத்துல கடன் கட்ட யாருக்கும் தெரியும். பால் வத்துற மாசத்துல எத வச்சிக் கட்டுறதுன்னு பாத்துட்டுத்தான் மாடு வாங்கணும். புண்ணாக்கு வெலையக் கழிக்காம பால் காசு பேசக் கூடாது.”

கன்று போட்ட பசு ஏறத்தாழ பத்து மாதம் கறக்கும். அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் வற்ற விட வேண்டும். அந்த இரண்டு மாதமும் தீனி போட வேண்டும், வருமானம் இல்லை. கடன்காரன் மட்டும் வருவான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே தோட்டைக் கழற்றியிருக்கிறார். நாங்கள் ஒரு கணக்கும் போடாமல் வீட்டைக் கழற்றப் பார்த்தோம்!

அன்று இஷா தொழுகைக்குப் பிறகு கடையிலிருந்து ஒரு புதுக் கணக்குக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். சூரத்துல் பகராவில், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. கடனை எழுது என்று சொல்லும் மார்க்கத்தில் பிறந்துவிட்டு, கடன் வாங்குவதற்கு முன் எழுதிப் பார்க்காமல் இருக்கலாமா? நானும் கணவரும் மகளும் மூவருமாக உட்கார்ந்தோம்.

முதல் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்பை எழுதினோம். 80 இலட்சம். வங்கியில் விசாரித்த வட்டி 14 வீதம். முழுக் கடனும் எடுத்து முடிந்தபின் வருடத்துக்கு 11 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா வட்டி. மாதத்துக்கு 93 ஆயிரத்துக்கு மேல். முதலில் ஒரு ரூபாவும் குறையாது, இது வெறும் வட்டி. கடையில் செலவு போக எங்களுக்கு மாதம் மிஞ்சியது 60, 70 ஆயிரம். அதில்தான் ஐந்து பேரோடு மாமியும் சாப்பிட வேண்டும், இளைய பிள்ளைகள் இருவரும் படிக்க வேண்டும்.

சரி, அவள் வைத்தியராகி வந்துவிட்டாள் என்று வைப்போம். தொடக்கத்தில் மாதம் ஒரு இலட்சம் கிடைக்கலாம் என்றார்கள் நாங்கள் விசாரித்தவர்கள். பட்டமில்லாமலே வேலைக்குப் போனால் அன்று 20 ஆயிரம் கிடைத்திருக்கும். ஆகவே பட்டத்தால் கூடியது 80 ஆயிரம். வட்டியோ 93 ஆயிரம்! கூடிய வருமானம் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் வட்டிகூட அடங்காது. ரெண்டு வருசத்தில் கட்டிவிடலாம் என்ற நானாவின் பேச்சு அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. கணவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பக்கத்தில் உள்நாட்டுத் தனியார் கல்வி நிறுவனங்களை எழுதினோம். அரசாங்கம் 2017இல் வட்டியில்லாக் கல்விக்கடன் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காத மாணவர்களுக்காக வந்தது அது. அப்போது 8 இலட்சம் ரூபா வரை கொடுத்தார்கள். வங்கிக்குரிய வட்டியை அரசு ஏற்றுக்கொள்ளும், மாணவர் முதலை மட்டும் திருப்பிக் கட்டினால் போதும். பல பிள்ளைகளுக்கு இது உதவியிருக்கிறது. ஆனால் அந்த வழியில் போனால் நான் கணினியோ முகாமைத்துவமோதான் படிப்பேன், அதில் எனக்கு நாட்டமில்லை என்றாள் மகள். நாட்டமில்லாத படிப்புக்கு வட்டியில்லாக் கடனும் கடன்தான். அந்தப் பக்கத்தையும் மூடினோம்.

மூன்றாம் பக்கத்தில் பேராதனை. கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தத்தால் 1945 முதல் நம் நாட்டில் இலவசக் கல்வி. கட்டணம் இல்லை. ஆகவே செலவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். எழுதிப் பார்த்தால் அப்படியில்லை.

சாப்பாடு, தங்குமிடம், பஸ், புத்தகப் பிரதிகள் எல்லாம் சேர்த்து மாதம் 12 ஆயிரம். 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த மஹபொல புலமைப்பரிசில் அப்போது மாதம் 5 ஆயிரம். அது கிடைத்தால் கையிலிருந்து 7 ஆயிரம். 48 மாதத்துக்கு 3 இலட்சத்து 36 ஆயிரம். மடிகணினி, பண்ணைக்குப் போகும் சப்பாத்து, மேலங்கி, களப்பயணம் என்று இன்னும் ஒரு இலட்சத்துக்கு மேல். மொத்தம் நாலரை இலட்சம் என்று எழுதிக்கொண்டோம்.

இத்தோடு முடியவில்லை. பால்கார அக்காவின் வற்றிய மாதங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. மகள் இந்த நான்கு வருடமும் ஒரு மருந்துக் கடையிலோ பாலர் பாடசாலையிலோ வேலை செய்தால் மாதம் 20 ஆயிரம் வீதம் 9 இலட்சத்து 60 ஆயிரம் கொண்டுவருவாள். படிக்கப் போனால் அது இல்லை. அதையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். ஆக, இலவசம் என்று நாம் சொல்கிற அந்த இடத்துக்கு எங்கள் வீடு கொடுக்கும் விலை 14 இலட்சத்துக்கு மேல்.

வரவை எழுதினோம். கணவர் இரண்டு கோழிப்பண்ணைகளில் விசாரித்தார். நான் பட்டம் முடித்த ஒரு பிள்ளையின் தாயிடம் கேட்டேன். தொடக்கத்தில் 40 ஆயிரம் கிடைக்கலாம் என்று தெரிந்தது. பட்டமில்லாத வேலையை விட 20 ஆயிரம் கூடுதல். 14 இலட்சத்தை 20 ஆயிரத்தால் வகுத்தால் எழுபது மாதம். கிட்டத்தட்ட ஆறு வருடம். வேலை கிடைத்து ஆறு வருடத்தில் போட்டதெல்லாம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவளுக்கு இலாபம். வேலை கிடைக்கத் தாமதமானாலும் வீடு எங்களுடையதாகவே இருக்கும். கதவைத் தட்டக் கடன்காரன் வரமாட்டான்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை அரசாங்கமே போட்டுக் கொடுக்கிறது. 2015 முதல் அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் ஒவ்வொரு கல்லூரியிலும் படித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியேறுகிறார்கள் என்று பகிரங்கமாக வெளியிடுகிறது. பிறகு பாடவாரியாகவும் தரத் தொடங்கியது. விலங்கு விஞ்ஞானமா, கணக்கியலா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே மிருக வைத்தியம் படித்து ஒன்றரை இலட்சம் டொலர் கடனோடு வாழ்க்கையைத் தொடங்குகிறவர்கள் ஏராளம். பணக்கார நாட்டுக்கே இந்தக் கணக்குத் தேவைப்படுகிறதென்றால் ஹட்டன் கடைத்தெருவில் இருக்கும் நமக்கு எவ்வளவு தேவை! நமக்கு யாரும் போட்டுத் தரமாட்டார்கள். ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தால் நாமே போட்டுக்கொள்ளலாம்.

கணக்கு முடிந்தது, மனசு முடியவில்லை. மகளிடம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. “உங்களுக்கு அந்தப் படிப்பைத் தர எங்களுக்கு விருப்பமில்லாமல் இல்லை, மகள். தர முடியாது. தந்தால் தம்பியும் தங்கச்சியும் படிக்க மாட்டார்கள்” என்றேன். அவள் கொப்பியை இழுத்து மூன்று பக்கத்தையும் மறுபடி கூட்டிப் பார்த்தாள். தப்பு ஏதாவது இருக்காதா என்று தேடினாள் போலும். பிறகு, “பேராதனைக்கே போறேன், உம்மா” என்றாள். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்கும் அது இலேசாக இருக்கவில்லை.

மாமிக்கு ஒரே சந்தேகம் மீதியிருந்தது. பண்ணையில் பன்றியும் இருக்குமே, தொட வேண்டி வருமே? நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கணவர் கேட்டுவந்தார். கையுறை போடட்டும், ஈரம் பட்டுவிட்டால் நம் ஷாஃபிஈ மத்ஹபில் சொன்னபடி ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவிக்கொள்ளட்டும், அறிவைத் தேடுவதற்கு இது தடையில்லை என்றாராம். மாடு மேய்க்கிற படிப்பு என்று ஏளனமாகப் பேச வேண்டாம், நபிமார்கள் ஆடு மேய்த்தவர்கள், நம் நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். மாமி அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுக்காதது மட்டுமல்ல, முதல் வருடச் செலவுக்குத் தன் காப்பு இரண்டையும் விற்று ஒன்றரை இலட்சம் கொடுத்தார். கர்ழ் ஹஸன் என்னும் வட்டியில்லா அழகிய கடன். “எழுதி வைங்க, பேத்திதான் திருப்பித் தரணும்” என்று சொல்லிவிட்டார். எழுதினோம். என் நானாவும் கணவரும் சாட்சி.

2019 தொடக்கத்தில் மகள் ஹட்டன் நிலையத்தில் ரயில் ஏறினாள். அந்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்தது. அதற்குப் பிறகு நம்மவர் கடைகளுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வியாபாரமும் பாதியாய் விழுந்தது. அடுத்த வருடம் கொரோனா. படிப்பு வீட்டுக்குள் வந்தது, சமிக்ஞை கிடைக்கிற இடம் தேடி மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை போனது. வங்கி வட்டி இருபது வீதத்தைத் தாண்டியது. அன்று பத்திரத்தை வைத்திருந்தால்? டொலரில் கட்ட வேண்டிய கடைசி வருடக் கட்டணத்துக்கு என்ன செய்திருப்போம்? அந்த வருடம் ஒரு நாள் கணவர் அலுமாரியின் மேல் தட்டைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தார்.

எங்கள் கணக்கும் தப்பாமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடப் படிப்பு ஐந்து வருடமாக இழுத்தது. மாதம் 12 ஆயிரம் என்று எழுதியது 2022இல் 25 ஆயிரமாயிற்று. நாலரை இலட்சம் என்று போட்டது எட்டு இலட்சத்தைத் தொட்டது. மாமியின் கடனுக்கு மேல் என் தங்கச்சியிடமும் ஒரு இலட்சம் வாங்கினோம். அரச வேலைக்கு ஆள் எடுப்பதும் அந்த நேரம் பார்த்து இறுகிப்போனது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திலோ தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையிலோ சேரலாம் என்ற நம்பிக்கை தள்ளிப்போனது. முடித்து வந்து நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த நான்கு மாதமும் எங்களுக்கும் வற்றிய மாதங்கள்தான்.

2024இல் ஒரு கால்நடைத் தீவன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இன்று மாதம் 85 ஆயிரம் வாங்குகிறாள். அடேயப்பா என்று நினைத்துவிடாதீர்கள். 2018க்கும் இன்றைக்கும் இடையில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அன்று கொப்பியில் எழுதிய 40 ஆயிரத்துக்கு இன்றைய பெறுமதி இதுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறு வருடம் என்று போட்டது எட்டு வருடமாகலாம். ஆனாலும் முதல் சம்பளத்திலிருந்து மாதம் பத்தாயிரம் வீதம் மாமியின் கடனைத் தானே கட்டித் தீர்த்தாள். கடைசித் தவணை வந்த அன்று மாமி கொப்பியை வாங்கி, தன் கையாலேயே கோடு கிழித்தார். எழுத்து வாசனை குறைந்த அந்தக் கைக்கு அந்தக் கோடு நேராக வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

மகளுக்கு மிருக வைத்தியராகவில்லையே என்ற மனக்குறை முழுதாகப் போய்விட்டதா? போகவில்லை. கேட்டால் சிரிப்பாள், பேச்சை மாற்றுவாள். ஆனால் விடுமுறையில் வந்தால் முதலில் போவது அந்தப் பால்கார அக்காவின் கொட்டிலுக்குத்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கோ-3 என்ற புல்லை லயத்துக்குப் பின்னால் நடச் சொன்னாள். அக்காவின் மாட்டுக்கு அடிக்கடி மடிவீக்கம் வரும். பால் கறந்தவுடன் மாடு படுத்தால் காம்புத் துளை மூடுமுன்னே அழுக்கு உள்ளே போகும், ஆகவே கறந்ததும் புல்லைப் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வையுங்கள் என்று சொன்னாள். செலவில்லாத வைத்தியம். மடிவீக்கம் குறைந்துவிட்டது என்று அந்த அக்கா இப்போது எங்கள் வீட்டுப் பாலை அளவுக்கு மேல் ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

சகோதரிகளே, இப்போது அந்தக் கொப்பி இளையவனுக்காகத் திறந்திருக்கிறது. மஹபொல 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 5,000இலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. செலவும் உயர்ந்திருக்கிறது. புதுக்கணக்குப் போட வேண்டும். உங்கள் வீட்டிலும் போடுங்கள். நான்கு கேள்விகளை மட்டும் மறக்க வேண்டாம். முதல் சம்பளம் வரும்வரை கையிலிருந்து என்ன போகும்? அந்த வருடங்களில் வராமல் போகும் கூலி எவ்வளவு? பட்டத்தால் மாதம் கூடுதலாக என்ன வரும்? அது தாமதமானால் சுமையை யார் தூக்குவார்? கடைசிக் கேள்விக்குப் பதிலாக வீட்டுப் பத்திரத்தின் பெயர் வந்தால் கொப்பியை மூடிவிட்டு வேறு வழி பாருங்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். எங்கள் உறவிலேயே ஒரு வீடு உண்டு. மகளுக்குக் கைக்கூலி கொடுக்க இருபது இலட்சத்துக்கு நிலத்தை ஈடு வைத்தார்கள். ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. அந்தப் பணம் எத்தனை மாதத்தில் திரும்பும், அந்தப் பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும் என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதே வீட்டார்தான் எங்களிடம் வந்து, “பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு செலவழிச்சு மாட்டுப் படிப்பா?” என்று கேட்டார்கள். படிப்புக்குக் கணக்குப் பார்ப்பது நல்லதுதான். கைக்கூலிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி அதே நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்களேன்.

மகளுக்கு இப்போது வரன் பேசுகிறோம். சென்ற மாதம் வந்தவர்கள் வேலையை விட்டுவிடுவாளா என்று கேட்டார்கள். மாமிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: “அது அவ கடன் கட்டின வேல. விடுறதும் வைக்கிறதும் அவ விருப்பம்.”

வஸ்ஸலாம்.